கசப்பு குறைந்த கஷாயம்

நூற்று அறுபத்தெட்டு. அந்த எண்ணைப் பார்த்ததும் வந்த கோபத்தில், உடனே இன்னொரு முறை அளந்திருந்தால் நூற்று எழுபத்தைந்து காட்டியிருக்கும். பிரஷர் கருவியின் கைப்பட்டையை உருவி மேசைமேல் வீசினேன். இரண்டு வாரமாகக் காலையும் மாலையும் கஷாயம். சாப்பாட்டில் உப்பு இல்லை, மிளகாய் எண்ணெய் இல்லை, கடுகுக்கிழங்கு ஊறுகாய் கண்ணில் படக்கூடாது. காரத்துக்குப் பேர்போன சோங்சிங்கில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெறும் நூடுல்ஸை வேகவைத்துக் கொடுத்தால் அது சாப்பாடா? அதையும் சாப்பிட்டேன். எல்லாம் செய்தும் ஆரம்பித்தபோது நூற்று ஐம்பத்தாறாக இருந்தது அறுபத்தெட்டாகி நிற்கிறது.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி எங்கள் பேருந்து டிப்போவில் ஓட்டுநர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை. பிரஷரின் மேல் எண் நூற்று ஐம்பதைத் தாண்டினால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனியின் சட்டம். போன வருடம் ஜாங் என்று ஒருவர், இருபத்தைந்து வருடம் ஓட்டியவர், அப்படித்தான் சாவியைக் கொடுத்தார். இப்போது வண்டி கழுவும் இடத்தில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நான் தினமும் வண்டியை எடுப்பேன்.

என் பெயர் லுவோ ஷுச்சின். பத்தொன்பது வருடமாக ஒரே தடத்தில் பேருந்து ஓட்டுகிறேன். ஆற்றங்கரையில் கிளம்பி, மலையை நான்கு வளைவில் ஏறி, மேலே பழைய பஞ்சாலையில் முடியும். மழையில் மூன்றாவது வளைவை இறங்கத் தெரிந்தவர்கள் டிப்போவில் நாலு பேர். அதில் ஒருத்தி நான். தற்பெருமை என்றால் தற்பெருமைதான். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும், விரல் மேசையைத் தட்டும், எதிரில் இருப்பவரோடு சண்டை வரும். ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் உடம்பு ஒரு நிலைக்கு வரும். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் என்ன ஆவேனோ, எனக்கே தெரியாது.

பிரஷர் மாத்திரை வாங்கலாமே என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் காப்பீட்டு அட்டையைத் தேய்ப்பார்கள், கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பயம். உண்மையோ பொய்யோ, டிப்போவில் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் டிப்போவிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளியிருக்கும் மூலிகைக் கடைக்குப் போனேன்.

அங்கே வைத்தியர் என்று உட்கார்ந்திருந்தது முப்பது முப்பத்திரண்டு வயதுப் பையன். யுவான் என்று பெயர். காலில் ஓட்டப்பந்தயக் காலணி. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். இந்தக் கை, அந்தக் கை, நாக்கை நீட்டச் சொல்லி ஒரு பார்வை.

"அக்காவுக்குக் கோவம் ஜாஸ்தியோ?" என்றான்.

"யாருக்குக் கோவம்? எனக்கா? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நாடி சொல்லுது. கல்லீரல்ல நெருப்பு. அது மேல ஏறி ஏறித் தலையில நிக்குது."

"அப்ப எறக்கிவிடு தம்பி. இருபத்தெட்டாந் தேதிக்குள்ள எறக்கிவிடு."

சீட்டு எழுதினான். அலமாரியின் இழுப்பறைகளை இழுத்து இழுத்துக் கடைக்காரப் பெண் பொட்டலம் கட்டினாள். சிப்பி ஓடு தனிப் பொட்டலம், அதை முதலில் போட்டு அரைமணி கொதிக்கவிட வேண்டும். பிறகு கிழங்கு, பட்டை, செவ்வந்திப் பூ. கொக்கி மாதிரி வளைந்த முள் உள்ள ஒரு கொடி இன்னொரு பொட்டலம், அதை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் போட வேண்டும். அதிகம் கொதித்தால் அதன் குணம் போய்விடும்.

"கசக்கும். மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சிருங்க" என்றான் யுவான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அடுப்படியில் நிற்கப் பொறுமை கிடையாது. காய்ச்சும் பொறுப்பை என் வீட்டுக்காரன் பெங் எடுத்துக்கொண்டான். பெங் மழலையர் பள்ளியில் சமையல்காரன். எங்கள் ஊரில் பெண்டாட்டி சொல்கேட்டு நடக்கும் ஆண்களை மெத்துக் காது என்பார்கள், பிடித்து முறுக்கினால் வளையுமாம். அந்தப் பட்டம் பெங்குக்குக் கல்யாணமான முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது. இருபத்து மூன்று வருடத்தில் அவன் என்னிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் உயர்த்தியதைத் தெருவே கேட்டிருக்கிறது.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து மண்சட்டியை அடுப்பில் வைப்பான். பக்கத்தில் முட்டை வேகவைக்கும்போது வைக்கும் மணியடிக்கும் கடிகாரம். சிப்பி ஓட்டுக்கு ஒருமுறை மணியடிக்கும், மற்றதுக்கு ஒருமுறை, கொக்கி முள்ளுக்கு ஒருமுறை. முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு நான் துப்பிவிட்டேன்.

"என்னய்யா இது? வேப்பெண்ணெயா? எருமை மாடுகூடக் குடிக்காது!"

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும் ஷுச்சின். குடிச்சிரு."

"நீ குடி பாப்போம்!"

ஒரு கரண்டி எடுத்துக் குடித்தான். முகம் கோணிக்கொண்டு போனது. எனக்கு ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றிக் கொடுத்தான்.

நாலைந்து நாளில் கசப்பு குறைந்துவிட்டது. நாக்கு பழகிவிட்டது என்று நினைத்தேன். தொண்டையில் இறங்கும்போது ஒரு இதமான தித்திப்புகூட இருந்தது.

மருந்துச் சக்கையை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. ஆள் நடமாடும் வழியில் கொட்டினால் மிதித்துப் போகிறவர்களின் காலோடு நோயும் போய்விடும் என்று நம்பிக்கை. பெங் இதில் ரொம்பக் கண்டிப்பு. எங்கள் சந்தில் நாற்பது பேர்தான் நடக்கிறார்கள், போதாது என்று சக்கையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு என் டிப்போ வாசலுக்கே வந்துவிடுவான். காலையில் அங்கே எத்தனை நூறு கால்! துப்புரவு அம்மா பார்த்தால் துடைப்பத்தோடு துரத்துவாள். ஒருநாள் அவன் பையை உதறிவிட்டு ஓடுவதை வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயது ஆள் அப்படி ஓடுவதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியுமா? அன்று முதல் வளைவு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. எண் ஏறிக்கொண்டே போனது. நேர அட்டவணை பார்க்கும் பெண்ணோடு இரண்டு நிமிடத்துக்காகச் சண்டை போட்டேன். பூண்டு மூட்டையோடு ஏறிய ஒருவரை இறங்கச் சொன்னேன், பிறகு நானே ஏற்றிக்கொண்டேன். மேல்வீட்டில் நாற்காலியை இழுத்தால் கம்பை எடுத்துக் கூரையைத் தட்டினேன். வேலைக்குப் போடும் காலணி கடித்தது. புதிதாக வாங்கியது சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன். படியேறினால் தொடை துவண்டது. ஒருநாளைக்கு எட்டு முறை பிரஷர் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஏறியது. பார்க்காவிட்டாலும் ஏறியது.

இருபத்திரண்டாம் தேதி காலைச் சுற்று முடிந்ததும் பார்த்தேன். நூற்று எழுபத்து நான்கு. கூட வேலை பார்ப்பவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நேரே கடைக்குப் போய்க் கதவைத் தள்ளினேன்.

"வெளிய வாய்யா வைத்தியரே! நெருப்ப எறக்கச் சொன்னா எண்ணெய் ஊத்திட்டியே! நூத்தி எழுபத்து நாலு!"

உள்ளே வரிசையில் இருந்த இரண்டு கிழவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். யுவான் மட்டும் நிதானமாக வந்தான். கையைப் பிடித்தான். முகம் மாறியது.

"இது ஏறக்கூடாதே. நான் கொடுத்ததுதான குடிக்கிறீங்க? வேற எதாச்சும்?"

"வேற என்ன? உப்பில்லாம புல்லு தின்னுட்டு உன் கஷாயத்தத்தான் குடிச்சிட்டிருக்கேன்."

"காய்ச்சுறது யாரு?"

"என் வீட்டுக்காரன். கடிகாரம் வெச்சுக் காய்ச்சுறான்."

"சக்கை இருக்கா?"

"சக்கைய எவன் வீட்டுல வெச்சிருப்பான்? டிப்போ வாசல்ல கெடக்கு."

யுவான் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "வாங்க, பாத்துருவோம்."

இரண்டு நிறுத்தமும் நடந்தே போனோம். அவன் முன்னால், நான் மூச்சுவாங்கிக்கொண்டு பின்னால். துப்புரவு அம்மா அன்றைக்கு இன்னும் வாசல் பக்கம் வரவில்லை. காலையில் கொட்டிய சக்கை நசுங்கிப் பரவிக் கிடந்தது. வைத்தியர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். போகிற வருகிற ஓட்டுநர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன லுவோக்கா, மோதிரம் தொலஞ்சுபோச்சா?" என்றான் ஒருவன்.

"ஒன் மூளை தொலஞ்சுபோச்சு, அதத் தேடுறோம். போய் வண்டிய எடு!"

யுவான் காதில் எதுவும் விழவில்லை. "சிப்பி ஓடு, சரி. கொக்கி முள் பாருங்க, கொழையாம முழுசா இருக்கு. கடைசிலதான் போட்டிருக்காரு. இவ்ளோ ஒழுங்கா யாரும் காய்ச்ச மாட்டாங்க. பட்டை சரி. கிழங்கு சரி." பிறகு கை நின்றது. நாணயம் அளவில் நார்நாராக மஞ்சள் துண்டுகள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒரு கைப்பிடி வந்தது. ஒன்றைத் தண்ணீர் விட்டுக் கழுவி நுனியைக் கடித்தான்.

"ஐயே, ரோட்டுல கெடந்தத!"

"இது நான் கொடுக்கலக்கா. அதிமதுரம்."

எனக்கு முதலில் புரியவில்லை. "அதனால என்ன? அதிமதுரம் எல்லா மருந்துலயும் போடுறதுதான?"

"எல்லாத்துலயும் போடுவோம். உங்க சீட்டுல மட்டும் வேணும்னே விட்டேன். ஏற்கெனவே பிரஷர் இருக்கிறவங்களுக்குத் தெனம் இவ்ளோ போனா, ஒடம்பு உப்பையும் தண்ணியையும் வெளிய விடாமப் புடிச்சு வெச்சுக்கும். பிரஷர் ஏறிட்டேதான் போகும். கால் வீங்குதா? தொடை பலமில்லாம இருக்கா?"

நான் குனிந்து என் காலணியைப் பார்த்தேன். அந்தக் கடைக்காரனை எவ்வளவு பேச்சு பேசியிருந்தேன்!

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். என் தப்பும் இருக்கு" என்றான் யுவான். "இன்னைக்கே நிறுத்துங்க. ஆனா ஒடனே எறங்காது. ரெண்டு வாரமாவது ஆகும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நூத்தி எழுபத்து நாலு வெளையாட்டு இல்ல."

"எனக்கு ஆறு நாள்தான் இருக்கு."

"நாப்பது பேர வெச்சிக்கிட்டு மலை எறங்குறீங்க."

அதைத்தான் மூன்று வாரமாக நினைக்காமல் ஓடிக்கொண்டிருந்தேன். அன்றே காய்ச்சல் என்று சொல்லி ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் மசியவில்லை. இருபத்தெட்டு முடியட்டும் என்றேன். பிடிவாதம்தான், வேறென்ன.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெங்கிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கிக்கொண்டே போனேன். முட்டாள், மடையன், என் சோற்றில் மண்ணைப் போட்டவன். இருபத்து மூன்று வருடத்தில் சொல்லாத வார்த்தைகள்கூட அன்று தயாராக இருந்தன. கதவைத் திறந்தேன்.

பெங் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். மாலைக் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் கொஞ்சம் எடுத்து ஊதிக் குடித்தான். முகம் கோணியது. மேல்தட்டிலிருந்து தகர டப்பாவை எடுத்தான். இருமலுக்கு என்று நாங்கள் வைத்திருக்கும் அதிமதுரம். ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டான். மறுபடி ருசி பார்த்தான். குழந்தைகளுக்குக் கஞ்சி ருசி பார்க்கிற மாதிரியே தலையை ஆட்டிக்கொண்டான்.

மேசையில் அவனுடைய சாப்பாடு பாதியில் இருந்தது. வெறும் நூடுல்ஸ், மேலே இரண்டு கீரை. மிளகாய் எண்ணெய் இல்லை. தனக்கு மட்டுமாவது போட்டுக்கொண்டிருக்கலாம். மூன்று வாரமாக இவனும் இதையேதான் சாப்பிடுகிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வந்துட்டியா? இன்னைக்குச் சீக்கிரம்" என்றான் திரும்பி. "இருபத்தெட்டாந் தேதி நான் லீவு சொல்லிட்டேன். ஒங்கூட வரேன். கவலப்படாத, மருந்து உள்ள சேர்ந்திட்டிருக்கு. எனக்குத் தெரியுது, மொத மாதிரி நீ மூஞ்சியச் சுளிக்கிறதில்ல."

வாயைத் திறந்தேன். அடுக்கி வைத்தது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை. இந்த மனுஷன் எனக்குச் செய்த ஒரே கெடுதல், கசப்பைப் பொறுக்க முடியாத என் முகத்தைப் பொறுக்க முடியாமல் போனதுதான். இதை இப்போது சொன்னால் செத்துப்போகிற வரைக்கும் அவன் அடுப்பைப் பார்த்துக் கூசிக்கொண்டு நிற்பான்.

"வைத்தியர் மருந்த மாத்திட்டாரு" என்றேன். "இனிமே கடையிலயே காய்ச்சிப் பையில அடைச்சுத் தராங்களாம். நீ காய்ச்ச வேண்டாம்."

"ஏன்? நான் காய்ச்சுறதுல எதாச்சும்..."

"ஒண்ணும் இல்ல. புது முறையாம்."

அவன் முகம் வாடிவிட்டது. அந்த டப்பாவை, டிப்போவில் ஒருத்திக்கு இருமல் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். அன்றைய கஷாயத்தை அவன் கண்ணெதிரே குடிப்பதாகப் பாவனை செய்து, அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் கழுவுதொட்டியில் ஊற்றினேன்.

அடுத்த ஐந்து நாளும் வீட்டுக்குள் கூண்டு எலிதான் நான். சன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். துவைத்த துணியையே துவைத்தேன். கடையில் காய்ச்சி அடைத்து வாங்கிய பையைக் கிழித்து, கசக்கக் கசக்க, ஒரு துளி விடாமல் குடித்தேன். கீழே சாலையில் ஒவ்வொரு பேருந்தாகப் போகும். சத்தத்தை வைத்தே ஓட்டுவது யாரென்று சொல்லிவிடுவேன். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் வண்டி போகும், யாரோ அதன் கிளட்சைக் கொன்றுகொண்டே போவார்கள். அப்போதெல்லாம் போய்ப் பட்டையைக் கட்டிக்கொள்வேன். நூற்று எழுபது. அறுபத்தொன்பது. அறுபத்தாறு. இறங்கியது, ஆனால் நாள் அதைவிட வேகமாக ஓடியது.

இருபத்தெட்டாம் தேதி மூன்று முறை அளந்தார்கள். நூற்று அறுபத்து நான்கு. பத்து நிமிடம் உட்காரச் சொல்லி நூற்று அறுபத்தொன்று. தண்ணீர் கொடுத்து, மூச்சை இழுத்துவிடச் சொல்லி, நூற்று அறுபது. மேனேஜர் ஷி என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம் லுவோக்கா. அதுவரைக்கும் கழுவுற எடத்துல. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. கம்பெனி சீட்டு தரும்."

சாவி வளையத்தை அப்படியே நீட்டினேன். அவரே கழற்றிக்கொண்டார். அழவில்லை.

வாசலில் பெங் காத்திருந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். என் கையில் வளையம் காலியாக இருப்பதைப் பார்த்தான்.

"எவ்ளோ?"

"நூத்தி அறுபது."

வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல ஆரம்பித்தான். "நான் சரியாத்தான காய்ச்சுனேன்? சிப்பி ஓடு அரைமணி வெச்சேன். ஒரு நாள்கூடக் கொறைக்கல. கொக்கி முள் அஞ்சு நிமிஷந்தான். தண்ணி அதிகமாயிருச்சோ? இல்ல, நான் வேற..." நிறுத்தினான். கண் எங்கோ போய்த் தேடியது. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அந்தத் தகர டப்பா வரைக்கும் போய்விடும். பிறகு யாராலும் அவனைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

"ஊறுகா" என்றேன்.

"என்ன?"

"ஊறுகா தின்னேன். டிப்போல. தெனமும். கடுகுக்கிழங்கு ஊறுகா, பாக்கெட் பாக்கெட்டா. நாக்கு கேக்கல."

பெங் என்னையே பார்த்தான். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. காது, நெற்றி, எல்லாம். பிறகு அவன் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு டிப்போ வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஊறுகாயா? ஊறுகாயா தின்ன! மூணு வாரம் நாலரைக்கு எந்திரிச்சு அடுப்புக்கு முன்னால நின்னேன்! உப்புன்னு ஒரு கல்லு வாயில வெக்கல! தொடப்பத்தோட ஒருத்தி தொரத்துறா, ஒனக்காக ஓடுனேன்! நீ என்னடான்னா இங்க ஒக்காந்து ஊறுகாயா நக்கிட்டிருந்த? ஒனக்கு அறிவிருக்கா? ஒனக்கு எதாச்சும் ஆயிருந்தா நான் என்னடி பண்ணுவேன்? யாரக் கேட்டுத் தின்ன?"

அவனுக்கு இப்படிக் கத்தத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. எச்சில் தெறித்தது, கண்ணில் தண்ணீர் ஓடியது. பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உடம்பெல்லாம் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தப்புதான்" என்றேன்.

"தப்புதானா! தப்புதான்னு சொன்னா ஆச்சா!"

அவன் கத்தட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தது, நாங்கள் வழியை மறித்துக்கொண்டிருந்தோம். பெங்கின் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். என் வண்டி எங்களைக் கடந்து வெளியே போனது. ஓட்டியவன் இரண்டாவது கியருக்கு மாற்ற மறந்திருந்தான்.